முதல் கருமருந்து ரைபிள்: கேள்வி பதில்

கேள்வி: குழல்வாய் வழியாகக் கருமருந்து என்னும் பழைய வகை வெடிமருந்தைக் கெட்டிக்கும் ரைபிள் வாங்கப் போகிறேன். எதில் தொடங்கலாம்?

பதில்: முதலில் எதைச் சுடப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். துணி சுற்றிய ஈய உருண்டையா, நீளக் குண்டா? குழலுக்குள் இருக்கும் மரையை, அதாவது குண்டைச் சுழலவைக்கும் சுருள் பள்ளங்களைப் பொறுத்தது அது. 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றும் மெதுவான மரை உருண்டைக்கு; 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று நீளக் குண்டுக்கு. 48 இரண்டுக்கும் நடுவே, ஓரளவு ஒத்துப்போகும். நான் சொல்வது .50 காலிபர் (குழலின் உள்விட்டம் அரை அங்குலம்), பக்கச் சுத்தி, கேப் (சுத்தி அடித்தால் நெருப்புக் கக்கும் சிறு உலோக மூடி) வைத்துச் சுடும் வகை, 48 அங்குல மரை. உருண்டை .490 அங்குலம் எடுங்கள். சுற்றும் துணி மீதி இடைவெளியை அடைக்கும்.

கேள்வி: இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்து போட்டால் குழல் அழுக்காகாதாமே?

பதில்: போடவே கூடாது. அதன் அழுத்தத்தில் குழல் வெடித்து, கை போகும், கண் போகும். அதற்கென்றே செய்து, கையேட்டிலும் அப்படி எழுதியிருந்தால் மட்டும்தான் விதிவிலக்கு.

கேள்வி: இன்லைன் வகை, அதாவது பற்றவைக்கும் பகுதி குழலுக்கு நேர் பின்னால் இருப்பது, எப்படி?

பதில்: வேட்டைக்கு நல்லது. 209 பிரைமர் (ஷாட்கன் தோட்டாவில் வரும் பற்றவைப்பான்), குழலின் பின்வாயில் கழற்றக்கூடிய அடைப்பு, சுத்தம் செய்வது சுலபம்.

கேள்வி: உரிமம் வேண்டுமா?

பதில்: ஊருக்கு ஊர் சட்டம் வேறு. உரிமம் தரும் அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: பழைய துப்பாக்கி ஒன்று கிடைக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: உள்ளே மருந்து கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேப் இல்லை என்பதை உறுதி செய்து, முகத்தைக் குழல்வாய்க்கு நேரே கொண்டுபோகாமல், கெட்டிக்கும் கோலை அடிவரை விடுங்கள். வாயோரத்தில் குறி வைத்து வெளியே எடுத்து, குழலுக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடியுங்கள். கோலின் முனை கேப் உட்காரும் இடம்வரை எட்டவில்லை என்றால் ஏதோ அடைத்துக் கிடக்கிறது. விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். அப்புறம்தான் துரு, மரை எல்லாம். கருமருந்தின் சாம்பல் ஈரத்தை இழுக்கும். சுட்ட அன்றே கழுவாத குழல் உள்ளேயே அரித்துப்போகும்.

கேள்வி: கொஞ்சமாகப் புகையில்லா மருந்து கலக்கலாமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். கொஞ்சமும் கூடாது.

கேள்வி: சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கியை ஏன் விட்டுவிட்டீர்கள்? கேப் கிடைக்காத நாளில் கல்தான் கை கொடுக்கும். நான் அதில்தான் கற்றேன்.

பதில்: கல் கை கொடுக்கும், உண்மை. ஆனால் குழலுக்கு வெளியே மருந்து வைத்த சிறு கிண்ணத்தில் தீப்பொறி விழுந்து, அந்த நெருப்பு துளை வழியே உள்ளே போய்ச் சேர ஒரு கணம் ஆகும். அந்தக் கணத்தில் புதியவர் கண்ணை மூடிக்கொள்வார், குறி நகர்ந்துவிடும். கருமருந்துக்குப் பதிலாக விற்கும் மாற்று மருந்துகள் பற்ற அதிகச் சூடு வேண்டும் என்பதால் அசல் கருமருந்தும் தேவை.

கேள்வி: அந்தக் கணம்தான் ஆளை நல்ல சுடுநராக்குகிறது. கேப்பில் தொடங்கினால் அந்தப் பொறுமை வராது.

பதில்: பொறுமை வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பக்கத்தில் சொல்லித்தர ஆள் இருந்தால் கல்லிலேயே தொடங்கட்டும். தனியாகக் கற்பவர், குண்டு தவறியது தன் கையாலா, தேய்ந்த கல்லாலா, ஈரமான கிண்ணத்தாலா என்று கண்டுபிடிக்க முடியாமல் திணறுவார். அவருக்குக் கேப்தான்.

கேள்வி: மருந்தை எடை போட்டு ஊற்றலாமா?

பதில்: கன அளவுக் குப்பியால் அளந்து ஊற்றுங்கள், மாற்று மருந்தின் எடை வேறு. எவ்வளவு என்பது உங்கள் துப்பாக்கியின் கையேட்டில் இருக்கும். மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழலில் ஊற்றாதீர்கள். உள்ளே கனல் மிஞ்சியிருந்தால் குடுவையே வெடிக்கும். குண்டு மருந்தின்மேல் அழுந்தி உட்கார வேண்டும், நடுவில் இடைவெளி விடாதீர்கள்.