மூன்று ‘11ஆம் பென்சில்வேனியா’: படை வரலாறு, வாசகர் கேள்விகள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் படை வரலாறு பற்றி வந்த கேள்விகளில் ஐந்தை இந்த முறை எடுத்துக்கொண்டேன். முதல் கேள்வியே நிறைய இடத்தைப் பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

இண்டியானா கவுண்டியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கல்லறைத் தோட்டம். அங்கே ஒரு வெள்ளைக் கல்லில், பெயருக்குக் கீழே ‘கோ. பி, 11, பி.ஆர்.வி.சி.’ என்று இருக்கிறது. 11ஆம் பென்சில்வேனியா என்று தேடினால் ஒரு நாயின் கதைதான் வருகிறது. இவர் அந்தப் படையில் இருந்தவரா?

இல்லை. நாய் வேறு படை. நீங்கள் மட்டுமல்ல, நானும் ஒருமுறை இதே இடத்தில் ஏமாந்து, மூன்று வாரம் வேறொருவருடைய வாழ்க்கையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) ‘11ஆம் பென்சில்வேனியா’ என்று சொல்லக்கூடிய ரெஜிமெண்டுகள் மூன்று. ஒன்று 11ஆம் காலாட்படை. சாலி என்ற நாய் இவர்களுடையது. கெட்டிஸ்பர்க்கில் இவர்களுடைய நினைவுச் சின்னத்தின் அடியில் அது சிலையாக இன்னும் படுத்திருக்கிறது. இன்னொன்று 11ஆம் குதிரைப்படை. மூன்றாவதுதான் உங்கள் கல்லில் இருப்பது: 11ஆம் பென்சில்வேனியா ரிசர்வ். ‘பி.ஆர்.வி.சி.’ என்றால் பென்சில்வேனியா ரிசர்வ் வாலண்டியர் கோர். ‘கோ. பி’ என்றால் அந்த ரெஜிமெண்டின் உட்பிரிவான ‘பி’ கம்பெனி.

இந்தக் குழப்பம் வந்த கதை இது. 1861 ஏப்ரலில் லிங்கன் 75,000 பேரைக் கேட்டபோது, பென்சில்வேனியாவில் பங்குக்கு மேலேயே ஆள் வந்து குவிந்தார்கள். மிஞ்சியவர்களைத் திருப்பி அனுப்ப ஆளுநர் ஆண்ட்ரூ கர்ட்டினுக்கு மனமில்லை. மாநிலச் செலவிலேயே ஒரு ரிசர்வ் படை திரட்டினார்: 13 காலாட்படை ரெஜிமெண்டுகள், ஒரு பீரங்கிப் படை, ஒரு குதிரைப்படை. ஜூலையில் புல் ரன் சண்டையில் கூட்டரசுப் படை தோற்றதும் வாஷிங்டன் அவர்களை அவசரமாக அழைத்துக்கொண்டது. அப்புறம் மாநிலம் தன் வரிசையில் 30 முதல் 44 வரை அவர்களுக்குப் புது எண் கொடுத்தது. அதனால் உங்கள் ஆள் 11ஆம் ரிசர்வ். அச்சிட்ட பட்டியலில் 40ஆம் ரெஜிமெண்ட். வீரர்களோ பழைய எண்ணை விடவேயில்லை, கல்லறை வரைக்கும். குதிரைப்படைகளுக்கும் இப்படி இரண்டாவது எண் உண்டு; 11ஆம் குதிரைப்படை பட்டியலில் 108.

சரி, அடுத்து என்ன செய்வது? வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவருடைய சேவைப் பதிவைக் கேளுங்கள். ஒரு உறை, அதற்குள் அட்டைகள். ஒவ்வொரு அட்டையும் இரண்டு மாதத்துக்கான மஸ்டர் ரோலிலிருந்து பின்னாளில் குமாஸ்தாக்கள் எழுதியெடுத்தது. நம் ஊர்க் கூலி வேலைக்கு எழுதுகிற அதே மஸ்டர் ரோல்தான். சம்பளம் போடுவதற்காக எழுதிய வருகைப் பதிவு. ஆகவே வீரத்தை அதில் தேடாதீர்கள். ‘இருக்கிறார்’, ‘இல்லை, மருத்துவமனையில்’, ‘சட்டைக்காக இவ்வளவு பிடித்தம்’, இப்படித்தான் இருக்கும். ஆனால் அவர் 1862இல் படையில் இருந்திருந்தால் அந்தக் கோடைக்கால அட்டையை நிதானமாகப் படியுங்கள். ஜூன் 27 அன்று கெயின்ஸ் மில் சண்டையில் 11ஆம் ரிசர்வின் பெரும்பகுதி சிறைபட்டது.

எந்தப் புத்தகத்தில் ஆரம்பிக்கலாம்?

சாமுவேல் பேட்ஸ் எழுதிய ‘பென்சில்வேனியா தொண்டர் படைகளின் வரலாறு, 1861–5’. ஐந்து தொகுதிகள், 1869 முதல் 1871 வரை மாநிலச் செலவில் வந்தவை. காசு கொடுக்க வேண்டாம், உரிமைக் காலம் முடிந்ததால் இணையத்தில் முழுவதும் கிடைக்கிறது. ரெஜிமெண்ட் வாரியாக ஒரு வரலாறு, அதன் பின்னால் கம்பெனி வாரியாகப் பெயர்ப் பட்டியல். வரலாற்றுப் பகுதியை அப்படியே நம்பிவிடக் கூடாது. பல இடங்களில் அந்தந்த ரெஜிமெண்ட் அதிகாரிகள் சொன்ன கதை அது. எந்த அதிகாரி தன் படை ஓடியது என்று சொல்வார்?

பட்டியலில் பல பெயர்களுக்கு எதிரே ‘மஸ்டர் அவுட் பட்டியலில் இல்லை’ என்று இருக்கும். இதைப் பார்த்து ‘எங்கள் வீட்டு முன்னோர் ஓடிப்போய்விட்டாரா’ என்று பதறியவர்கள் உண்டு. அதற்கு அர்த்தம், ரெஜிமெண்ட் கலைந்தபோது எழுதிய கடைசிப் பட்டியலில் பெயர் இல்லை என்பது மட்டும்தான். முன்பே விடுவிக்கப்பட்டிருக்கலாம், வேறு படைக்கு மாறியிருக்கலாம். ஓடிப்போனவர்களுக்கு ‘டெசர்டட்’ என்று தேதியோடு தனியாகவே போட்டிருக்கிறார்கள். ஜெர்மன் பெயர்களுக்கு எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றித் தேடுங்கள். ஷ்மிட் ஸ்மித் ஆகியிருப்பார்.

பிலடெல்ஃபியாவின் கறுப்பின வீரர்களைப் பற்றி ஒரு கதை எழுதுகிறேன். மாநிலப் பட்டியல்களில் அவர்கள் ஏன் அகப்படவில்லை?

ஏனென்றால் அவர்கள் மாநில எண்ணில் போகவில்லை. பிலடெல்ஃபியாவுக்கு வெளியே செல்ட்டன்ஹாமில் 1863இல் திறந்த வில்லியம் பென் முகாமில் பயிற்சி பெற்ற 11 ரெஜிமெண்டுகளும் கூட்டரசின் கறுப்பினப் படையைச் சேர்ந்தவை: 3ஆம், 6ஆம், 8ஆம் என்று அமெரிக்க எண்கள். பதிவுகளும் தேசிய ஆவணக் காப்பகத்தில்தான். பேட்ஸ் தன் ஐந்தாம் தொகுதியின் கடைசியில் இவர்களைச் சேர்த்திருக்கிறார். பலர் அதுவரை புரட்டாமலேயே மூடிவிடுகிறார்கள்.

உங்கள் ஆள் 1863 தொடக்கத்திலேயே சேர்ந்தவர் என்றால் மாசசூசெட்ஸ் பட்டியலைப் பாருங்கள். தன் மாநிலம் வாசலைத் திறக்காதபோது பிலடெல்ஃபியாக்காரர்கள் அங்கே போய் 54ஆம் மாசசூசெட்ஸ் என்ற கறுப்பின ரெஜிமெண்டில் சேர்ந்தார்கள்.

கதைக்கு என்றால் பென்ஷன் கோப்புகளை விட்டுவிடாதீர்கள். விதவைக்குப் பணம் வர வேண்டுமானால் கல்யாணம் நடந்ததை நிரூபிக்க வேண்டும். அடிமைத்தனத்தில் நடந்த கல்யாணத்துக்கு ஏது சான்றிதழ்? அதனால் பக்கத்து வீட்டுக்காரர்களும் கூடப் போரிட்டவர்களும் வந்து சாட்சி சொல்வார்கள்: யார் நடத்தி வைத்தது, எந்த ஊர், எத்தனை குழந்தை. நான் படித்தவற்றில் மனிதர்களின் பேச்சு கேட்கும் காகிதம் இதுதான்.

1778 குடிப்படை (மிலிஷியா) பட்டியலில் ஒரு பெயர் இருக்கிறது. அவர் அமெரிக்க விடுதலைப் போரில் சண்டை போட்டார் என்று சொல்லலாமா?

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 1777 மார்ச் சட்டப்படி 18 முதல் 53 வயது வரையுள்ள வெள்ளை ஆண்கள் பட்டியலில் இருந்தாக வேண்டும். பெயர் இருந்தால் அழைத்தால் வர வேண்டியவர் என்று பொருள். வந்தாரா என்பது வேறு கேள்வி. வராதவர்களிடம் அபராதம் வாங்கிய கணக்கும் இருக்கிறது, அதையும் பாருங்கள்.

கணவரின் தாத்தா இரண்டாம் உலகப் போரில் பென்சில்வேனியாவின் 28ஆவது டிவிஷனில் இருந்தார். அவருடைய கோப்பைக் கேட்டதற்கு ‘எரிந்துவிட்டது’ என்று பதில் வந்துவிட்டது. அவ்வளவுதானா?

1973 ஜூலையில் செயின்ட் லூயிஸில், படைவீரர் கோப்புகள் இருந்த காப்பகத்தில் நடந்த தீ விபத்து. 1912 நவம்பர் முதல் 1959 முடிய விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. ஆனால் வழி இருக்கிறது. ஊருக்குத் திரும்பியவர்கள் பலர் விடுவிப்புச் சீட்டை கவுண்டி நீதிமன்றத்தில் பதிவு செய்து வைத்தார்கள்; முதலில் அங்கே கேளுங்கள். பென்சில்வேனியா தன் வீரர்களுக்குப் போர் போனஸ் கொடுத்தது. அதற்கு 1950 முதல் வந்த விண்ணப்பங்கள் ஹாரிஸ்பர்க்கில், மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சேவைத் தேதிகள் அதில் கிடைக்கும். கம்பெனி தெரிந்துவிட்டால் தினசரி அறிக்கைகளைக் கேட்கலாம், அவை எரியவில்லை. ஜெர்மனியில் கடும் சண்டை நடந்த ஹுர்ட்கன் காட்டுக்கு அந்த டிவிஷன் போனது 1944 நவம்பரில். அந்த மாதத்திலிருந்து தொடங்குங்கள்.