கோழிக்கு வைட்டமின் சி: பாக்கெட்டில் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: நூறு முட்டைக்கோழிகள் வளர்க்கிறேன். வெயில் ஏறினால் வாயைத் திறந்துகொண்டு மூச்சு இளைக்கின்றன. முட்டை ஓடும் மெலிந்துவிட்டது. கடையில் 'வெயில்கால டானிக்' என்று ஒரு கிலோ பாக்கெட் தருகிறார்கள். வைட்டமின் சி, குளுக்கோஸ், உப்புகள் எல்லாம் கலந்தது. வைட்டமின் சி மட்டும் உள்ள 100 கிராம் டப்பாவும் இருக்கிறது; அளவைப் பார்த்தால் அதுதான் விலை அதிகமாகத் தெரிகிறது. எதை வாங்குவது? முதலில், இது கோழிக்குத் தேவைதானா?

பதில்: சாதாரண நாட்களில் தேவையில்லை. மனிதர்களைப் போல் அல்லாமல், கோழி தனக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தன் சிறுநீரகத்திலேயே தயாரித்துக்கொள்கிறது. குளிர்ந்த, இதமான காலத்தில் இதற்குச் செலவு செய்வது வீண். கடுமையான வெப்பத்தில்தான் நிலைமை மாறுகிறது. அப்போது உடல் அதை வேகமாகச் செலவழிக்கிறது, உள்ளே நடக்கும் உற்பத்தி ஈடுகொடுப்பதில்லை. வெயில் நாட்களில் மட்டும் வெளியிலிருந்து கொடுப்பதற்குக் காரணம் இதுதான். எல்லா ஆய்வுகளிலும் ஒரே மாதிரி பலன் வரவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது விலை. பாக்கெட்டின் எடையைப் பார்க்காதீர்கள், உள்ளே எத்தனை கிராம் அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சியின் வேதிப்பெயர்) இருக்கிறது என்று பாருங்கள். வெயில் காலத்தில் ஒரு கிலோ தீவனத்துக்கு 250 மில்லிகிராம் என்பது பரவலாகப் பயன்படும் அளவு. ஒரு முட்டைக்கோழி நாளுக்குச் சுமார் 100 கிராம் தின்கிறது என்றால் 25 மில்லிகிராம். உங்கள் நூறு கோழிக்கு நாளுக்கு 2.5 கிராம். டானிக்கில் 5 சதவீதம்தான் வைட்டமின் சி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ பாக்கெட்டில் 50 கிராம்தான் இருக்கும், 20 நாளில் தீர்ந்துவிடும். கலப்பில்லாத 100 கிராம் டப்பா 40 நாள் வரும். ஆக, சிறிய டப்பாவின் விலை பெரிய பாக்கெட்டைப் போல இரண்டு மடங்காக இருந்தாலும் வைட்டமின் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். லேபிளில் சதவீதமோ கிராம் அளவோ போடாமல் 'செறிவூட்டப்பட்டது' என்று மட்டும் எழுதியிருந்தால் அதை வாங்கவே வேண்டாம்.

ஆனால் உங்கள் கோழிகளுக்கு டானிக்கில் உள்ள உப்புகளும் பயன்படலாம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, மூச்சு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. அப்படி இளைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. ஓடு உருவாகத் தேவையான பைகார்பனேட்டும் கால்சியமும் ரத்தத்தில் குறைகின்றன. தீவனமும் குறைவாகத் தின்பதால் முட்டை ஓடு மெலிகிறது. வைட்டமின் சி மட்டும் இதைச் சரிசெய்துவிடாது. சோடியம் பைகார்பனேட், பொட்டாசியம் குளோரைடு போன்றவை லேபிளில் அளவோடு இருந்தால் அந்த டானிக்குக்கு ஒரு நியாயம் உண்டு. பெரும்பகுதி குளுக்கோஸ் என்றால், நீங்கள் சர்க்கரைக்குத்தான் பணம் கொடுக்கிறீர்கள்.

கேள்வி: வாங்கிய பொடி கொஞ்ச நாளில் பழுப்பாகிவிட்டது. கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். காற்று, வெளிச்சம், சூடு, ஈரம் எல்லாமே வைட்டமின் சியைச் சிதைக்கும். நிறம் மாறுவது அதன் அடையாளம். வாங்கும்போதே வெள்ளையாக, கட்டி தட்டாமல் இருக்கிறதா, தயாரிப்புத் தேதி அண்மையதா என்று பாருங்கள். வெயில் விழும் அலமாரியில் இருந்த டப்பாவை எடுக்காதீர்கள். தண்ணீரில் கலந்தபின் இன்னும் வேகமாகக் கெடும். குளோரினும், செம்பு, இரும்பு போன்ற உலோகங்களும் அதை விரைவுபடுத்தும். பிளாஸ்டிக் பாத்திரத்தில், வெயில் ஏறுவதற்கு முன்பு, காலையில் குடித்து முடிக்கும் அளவுக்கு மட்டும் கலந்து நிழலில் வையுங்கள். மிச்சத்தை மறுநாளுக்கு வைக்க வேண்டாம். குடிநீரில் தடுப்பூசி மருந்து கொடுக்கும் நாளில் இதை அந்தத் தண்ணீரில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: 'வைட்டமின் சி சேர்த்த' குருணைத் தீவனம் வாங்கினால் தனியாகக் கொடுக்க வேண்டாம்தானே?

பதில்: அது எந்த வடிவத்தில் சேர்க்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. குருணை தயாரிக்கும் நீராவிச் சூட்டில் சாதாரண அஸ்கார்பிக் அமிலம் பெரும்பாலும் அழிந்துவிடும். மேலே பூச்சு கொடுத்த வகையோ பாஸ்பேட் வகையோ ஓரளவு தாங்கும். லேபிளில் அது இல்லையென்றால் தயாரிப்பாளரிடமே கேளுங்கள். நேரான பதில் வரவில்லை என்றால் அந்த வார்த்தைக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: கோழி மயங்கி விழுந்தபின் வைட்டமின் சி கொடுத்தால் பிழைக்குமா?

பதில்: அந்த நேரத்தில் பொடியை நம்பி நிமிடங்களை வீணாக்காதீர்கள். துரத்தாமல் மெதுவாகத் தூக்கி நிழலுக்குக் கொண்டுபோய், காற்று படும்படி வைத்து, உடலை நனைத்து, நினைவு திரும்பியதும் குளிர்ந்த தண்ணீர் காட்டுங்கள். வைட்டமின் சி வெப்பத்துக்கு முன்பே கொடுக்க வேண்டிய துணை. கையில் குறைந்த பணம்தான் இருக்கிறது என்றால் கூடுதல் தண்ணீர்த் தட்டுகள், கூரைக்கு நிழல், ஒரு மின்விசிறி, இவற்றுக்கு முதலில் செலவழியுங்கள். உச்சி வெயிலில் தீவனத்தை எடுத்துவிட்டு அதிகாலையிலும் மாலையிலும் கொடுங்கள். செரிமானச் சூடு குறையும். இதற்குச் செலவே இல்லை.