டொராண்டோவில் 12 நாள்: வைப்பை உடைக்காமல் போய்வர முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 63, மனைவிக்கு 60. கும்பகோணத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். ஓய்வூதியமாக மாதம் 42,000 ரூபாய் வருகிறது. வங்கியில் உள்ள நிரந்தர வைப்புகளில் 5 லட்சம் ரூபாய் வரும் பிப்ரவரியில் முதிர்கிறது. 8 லட்சம் ரூபாய் முதிர இன்னும் மூன்று ஆண்டுகள் ஆகும். சேமிப்புக் கணக்கில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. ஜூன் மாதம் 12 நாள் கனடாவின் டொராண்டோ நகரைச் சுற்றிப் பார்க்க விரும்புகிறோம். அங்கே உறவினர் யாரும் இல்லை. சுற்றுலா நிறுவனம் ஒன்று இருவருக்கும் சேர்த்து 7 லட்சம் ரூபாய் கேட்கிறது. பற்றாக்குறைக்குப் பெரிய வைப்பை உடைப்பதா, தனிநபர் கடன் வாங்குவதா? மனைவிக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு.

பதில்: அன்புள்ள ஐயா, இரண்டும் வேண்டாம், ஆனாலும் நீங்கள் போய்வரலாம். வைப்பை இடையில் உடைத்தால், ஒப்புக்கொண்ட வட்டியை வங்கி தராது. பணம் எவ்வளவு காலம் இருந்ததோ அந்தக் காலத்துக்குரிய வட்டியைக் கணக்கிட்டு, பெரும்பாலும் அதிலும் அரை முதல் ஒரு சதவீதம் வரை கழித்துக்கொள்ளும். ஓய்வூதியத்திலிருந்து தவணை கட்டி உல்லாசப் பயணம் போவதை எந்த நிலையிலும் நான் பரிந்துரைப்பதில்லை. பிப்ரவரியில் முதிரும் 5 லட்சத்தோடு சேமிப்பிலிருந்து சிறிது எடுத்தால் உங்கள் பயணம் முடிந்துவிடும். ஆனால் அதற்கு, அங்கே ஒரு பொருளின் விலை என்று எழுதியிருப்பது நீங்கள் கொடுக்கப்போகும் விலை அன்று என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

ஓர் உணவகப் பில்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். நீங்கள் இருவரும் சாப்பிட்டது மெனு விலைப்படி 40 டாலர். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் விற்பனை வரி 13 சதவீதம். அது விலைப்பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்காது, பில்லில்தான் ஏறும். ஆகத் தொகை 45.20 டாலர். அடுத்து, பரிமாறியவர் மேசைக்குக் கொண்டுவரும் கார்டு இயந்திரம் 18, 20, 22 சதவீதம் என்று டிப்ஸைக் காட்டி உங்கள் விரலுக்காகக் காத்திருக்கும். பல இயந்திரங்கள் அதை வரி சேர்ந்த தொகையின் மேல்தான் கணக்கிடுகின்றன. 18 சதவீதத்தை அழுத்தினால் 53.34 டாலர். நம் ஊர் கிரெடிட் கார்டில் அன்னியச் செலாவணிக்காக மூன்றரை சதவீதமும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடித்தால், முடிவில் 55.54 டாலர் ஆகிறது. கனடா டாலரை 65 ரூபாய் என்று வைத்தால், 2,600 ரூபாய் என்று நினைத்து உட்கார்ந்த சாப்பாட்டுக்கு நீங்கள் கொடுப்பது 3,610 ரூபாய். வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்பனை வரியைத் திருப்பித் தரும் திட்டம் முன்பு இருந்தது. 2007-இல் அதை நிறுத்திவிட்டார்கள்.

இதிலிருந்து தப்பிக்கும் வழியையும் அந்த நகரமே வைத்திருக்கிறது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி டொராண்டோ நகரவாசிகளில் 46.6 சதவீதத்தினர் வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். அதனால் ஸ்பாடினா சாலையின் சீனக் கடைகளிலும், அதை ஒட்டிய கென்சிங்டன் மார்க்கெட்டிலும், ஜெரார்டு தெருவின் இந்தியக் கடைவீதியிலும், டான்ஃபோர்த்தின் கிரேக்கக் கடைகளிலும் நின்று வாங்கிச் சாப்பிடும் உணவு நிறையக் கிடைக்கும். மேசையில் பரிமாறாத கடைகளில் டிப்ஸ் கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. நகரின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் ஈழத்தமிழர் நடத்தும் டேக் அவுட் கடைகளில் இடியாப்பமும் சொதியும் புட்டும் வாங்கி அறைக்குக் கொண்டுபோகலாம். சர்க்கரை உள்ளவர் வேளை தவறாமல் சாப்பிட இது பெரிய உதவி. பால், பழம், காய்கறி, ரொட்டி, அரிசி போன்ற அடிப்படை மளிகைக்கு வரியே கிடையாது. மொத்தம் 4 டாலருக்கு மேற்படாத காபியும் சிற்றுண்டியும் என்றால் 13 அல்ல, 5 சதவீத வரிதான். ஆகவே சிறிய சமையலறை உள்ள தங்குமிடத்தைத் தேடுங்கள்.

வாடகை குறைவு என்று நகரின் எல்லைக்கே போய்விடாமல், சுரங்க ரயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் நார்த் யார்க் போன்ற பகுதியில் தங்குங்கள். வீட்டின் ஒரு பகுதியை இணையம் வழியாக எடுப்பதானால், நகராட்சிப் பதிவு எண் விளம்பரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். டொராண்டோவில் ஒருவர் தாம் வசிக்கும் முதன்மை வீட்டைத்தான் குறுகிய கால வாடகைக்கு விடலாம். எண் இல்லாத இடத்துக்கு முன்பணம் அனுப்ப வேண்டாம். அறை வாடகையின் மேல் விற்பனை வரியோடு நகராட்சியின் தங்குமிட வரியும் ஏறும் என்பதால், இறுதித் தொகையைப் பார்த்தே ஒப்பிடுங்கள்.

நகரப் பேருந்து, டிராம், சுரங்க ரயில் எல்லாவற்றுக்கும் கார்டைத் தட்டினால் ஒருவருக்கு 3.30 டாலர், இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை முறை மாறினாலும் அதே கட்டணம்தான். இருவருக்கும் தனித்தனிக் கார்டு வேண்டும். மூத்தோர் சலுகை 65 வயதிலிருந்துதான் என்பதால் உங்களுக்குக் கிடைக்காது. விமான நிலையத்திலிருந்து டாக்சி பிடிக்காமல் 900 எண் பேருந்தில் கிப்லிங் நிலையம் வந்தால், அதே 3.30-இல் நகருக்குள் வந்துவிடலாம். 553 மீட்டர் உயரமுள்ள சிஎன் கோபுரத்தில் ஏறும் கட்டணம் அதிகம். ஒரு முறை ஏறுங்கள், வாழ்நாளில் பார்க்க வேண்டிய காட்சி அது. ஒன்டாரியோ கலைக்கூடத்தை மட்டும் கட்டணமில்லாத புதன்கிழமை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நயாகரா அருவியைக் கனடாக் கரையில் நின்று பார்க்கக் காசு வேண்டியதில்லை. அமெரிக்கக் கரைக்குப் போக அமெரிக்க விசா தேவை. அமெரிக்காவில் விமானம் மாறும் டிக்கெட் மலிவாகத் தெரிந்தாலும் இதே சிக்கல்தான்.

இப்போது மொத்தக் கணக்கு. விசாவுக்குத் தலா 100 டாலர், கைரேகைப் பதிவுக்குக் குடும்பமாக விண்ணப்பித்தால் 170 டாலர்: சுமார் 24,000 ரூபாய். விமானத்துக்கு இருவருக்கும் 2.4 லட்சம். 11 இரவுகளுக்கு வரி உட்பட நாளுக்கு 150 டாலர் வீதம் 1.07 லட்சம். சாப்பாடு, போக்குவரத்து, நுழைவுச்சீட்டுகளுக்கு நாளுக்கு 120 டாலர் வீதம் 94,000. காப்பீட்டுக்கு 20,000. ஆக 4.85 லட்சம், எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம் கூட்டினால் ஏறத்தாழ 5.35 லட்சம். சேமிப்புக் கணக்கில் ஒரு லட்சத்துக்கு மேல் தொடாமல் நிற்கும். இவற்றில் விசாக் கட்டணம் தவிர மற்றவை என் மதிப்பீடு. பயணத் தேதிகளை உறுதிசெய்ததும் விமானக் கட்டணத்தையும் அறை வாடகையையும் போட்டுச் சரிபாருங்கள்.

செலவுப் பணத்தின் பெரும்பகுதியைக் கனடா டாலரிலேயே ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் கார்டு) ஏற்றுங்கள். அமெரிக்க டாலர் கார்டைக் கொண்டுபோனால் ஒவ்வொரு செலவிலும் மாற்றுக் கட்டணம் பிடிப்பார்கள். கடை இயந்திரம் ரூபாயிலா, டாலரிலா என்று கேட்டால் டாலரையே தேர்ந்தெடுங்கள்; ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை அவர்கள் முடிவு செய்வார்கள். நீங்களே ஏற்பாடு செய்யும் பயணத்துக்கு, நிதியாண்டில் அனுப்பும் தொகை 10 லட்சத்தைத் தாண்டாதவரை டிசிஎஸ் (பணம் கட்டும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) இல்லை. வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜுக்கோ முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் உண்டு. வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம் என்றாலும் அதுவரை உங்கள் பணம் முடங்கிக் கிடக்கும்.

காப்பீட்டில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். கனடாவின் அரசு மருத்துவம் பயணிகளுக்குப் பொருந்தாது. ஓர் இரவு உள்நோயாளியாக இருந்தாலே பில் ஆயிரக்கணக்கான டாலரில் வரும். என் சித்தப்பா தம் மகளைப் பார்க்க டொராண்டோ போயிருந்தபோது நெஞ்சுவலியில் சேர்க்கப்பட்டார். "மாத்திரையைப் பற்றியெல்லாம் எழுதினால் பிரீமியம் ஏறும்" என்று முகவர் சொன்னதைக் கேட்டு, எட்டு ஆண்டுகளாகச் சாப்பிட்ட ரத்த அழுத்த மாத்திரையை அவர் படிவத்தில் எழுதவில்லை. மருத்துவமனைக் குறிப்பில் அந்த மாத்திரையின் பெயர் இருந்தது, கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள். மகளும் மருமகனும் வீட்டுக்கு முன்பணமாகச் சேர்த்து வைத்திருந்த தொகையை எடுத்துத்தான் கட்டினார்கள். உங்கள் மனைவி சாப்பிடும் ஒவ்வொரு மருந்தையும், அது எந்த ஆண்டில் தொடங்கியது என்பதையும் படிவத்தில் எழுதுங்கள். முன்பே உள்ள நோயால் வரும் அவசர நிலைக்கும் பாலிசி பொருந்தும் என்ற வரி இருக்கிறதா, அதற்குத் தனி உச்சவரம்பு உண்டா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

விசா விண்ணப்பத்தில் 8 லட்சம் வைப்பின் ரசீதையும் ஓய்வூதிய ஆணையையும் இணையுங்கள். நீங்கள் ஊர் திரும்புவீர்கள் என்பதற்கு அவை நல்ல சான்று. வைப்பை உடைக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். விண்ணப்பிக்கும் முன் யாரிடமாவது கைமாற்று வாங்கிக் கணக்கில் பெருந்தொகை காட்ட வேண்டாம். திடீரென்று ஏறிய தொகை சந்தேகத்தையே கிளப்பும். விசா கைக்கு வரும்வரை, பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட் எதையும் எடுக்காதீர்கள்.