வாயில் போட்டதெல்லாம் ரத்தத்தில் சேருமா? பாலிஃபீனால் கேள்வி பதில்

கேள்வி: வெங்காயத்தின் குவர்செடின் சீக்கிரம் உடலில் சேர்கிறது, தேநீரில் இருப்பது தாமதமாகிறது. ஏன்?

பதில்: இப்படிக் கேட்டால் பதில் சொல்ல ஆசையாக இருக்கிறது. குவர்செடின் ஒரு பாலிஃபீனால், அதாவது தாவரங்கள் தயாரிக்கும் ஒரு வகை வேதிப்பொருள். அது பெரும்பாலும் சர்க்கரையோடு ஒட்டியே இருக்கும். வெங்காயத்தில் அந்தச் சர்க்கரை குளுக்கோஸ். சிறுகுடல் சுவரில் பால் சர்க்கரையைச் செரிக்கும் அதே லாக்டேஸ் நொதி அதைக் கழற்றிவிடுகிறது. சுமார் ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சம். தேநீரில் உள்ள ரூட்டின் என்ற குவர்செடின் வடிவத்தில் ராம்னோஸ் என்ற சர்க்கரையும் சேர்ந்திருக்கிறது. அதை லாக்டேஸ் தொடாது. பெருங்குடல் பாக்டீரியாக்கள்தான் பிரிக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். இரண்டுமே அப்படியே ரத்தத்துக்குப் போவதில்லை. குடல் சுவரும் கல்லீரலும் சல்பேட், குளுகுரோனைடு என்று எதையாவது ஒட்டி, வெளியேற்றத் தயாராக்கிவிடுகின்றன.

கேள்வி: மாதுளை சாப்பிட்டால் எல்லோருக்கும் யூரோலித்தின் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. யூரோலித்தின் மாதுளையிலேயே இருப்பதில்லை; அதன் பாலிஃபீனாலிலிருந்து குடல் பாக்டீரியா தயாரிப்பது. அதற்கான பாக்டீரியா உங்கள் குடலில் இருக்க வேண்டும்.

கேள்வி: ஆன்டிஆக்ஸிடன்ட் மதிப்பெண் அதிகமுள்ள பழம் எது?

பதில்: ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள். உணவுகளுக்கு அந்த மதிப்பெண் போட்ட பட்டியலை, அதை வெளியிட்ட அமெரிக்க வேளாண் துறையே 2012-ல் நீக்கிவிட்டது. சோதனைக் குழாயில் அளந்த எண் அது.

கேள்வி: ஆப்பிள் தின்றதும் ரத்தத்தின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் உயர்கிறதே? அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: உயர்கிறது, மறுக்கவில்லை. உயர்த்துவது யார் என்று பாருங்கள். பழத்தின் ஃப்ரக்டோஸ் யூரிக் அமிலத்தைக் கூட்டுகிறது, பெரும்பங்கு அதனுடையது. ரத்தத்தில் யூரிக் அமிலம் லிட்டருக்குச் சில நூறு மைக்ரோமோல். பாலிஃபீனால் பெரும்பாலும் ஒரு மைக்ரோமோலைக்கூட எட்டாது.

கேள்வி: அப்படியானால் பாலிஃபீனால் வீண் என்கிறீர்கள்.

பதில்: நான் சொல்லாததை என் தலையில் கட்டாதீர்கள். நாளுக்கு 200 மில்லிகிராம் ஃபிளவனால் (கோகோவில் உள்ள பாலிஃபீனால்) ரத்தக் குழாய்களின் நெகிழ்வைக் காக்க உதவும் என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-ல் ஏற்றது. வேலை நடக்கிறது, விளம்பரம் சொல்லும் ஆன்டிஆக்ஸிடன்ட் வழியில் நடப்பதில்லை.

கேள்வி: பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரை?

பதில்: வேண்டாம். நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் இ.ஜி.சி.ஜி. (பச்சைத் தேயிலையின் முக்கியப் பாலிஃபீனால்) மாத்திரையாக உட்கொண்டவர்களிடம் கல்லீரல் நொதிகள் ஏறியதை அதே ஆணையம் 2018-ல் எடுத்துச் சொன்னது. தேநீராகக் குடியுங்கள்.

கேள்வி: மஞ்சளின் கர்குமின் மாத்திரையில் மிளகுச் சத்து சேர்த்தால்?

பதில்: மறுபடியும் மாத்திரையா! மிளகுச் சத்தான பைப்பரின், பொருள்களை வெளியேற்றத் தயாராக்கும் கல்லீரலின் வேலையைத் தடுக்கிறது. உங்கள் மற்ற மருந்துகளும் ரத்தத்தில் கூடலாம்.

கேள்வி: திராட்சை விதை மாத்திரை?

பதில்: மேலே இரண்டு பதில்களைப் படியுங்கள்.

கேள்வி: ரத்தசோகை உள்ளவர் சாப்பாட்டோடு தேநீர் குடிக்கலாமா?

பதில்: கூடாது. தேநீர் தாவர உணவின் இரும்பைப் பிடித்துவைக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும்.