சருகுக்குள் ஒரு கங்காரு: இலங்கையின் தரை ஓணான் பற்றிக் கேட்டவையும் பதில்களும்

போன கிழமை சிங்கராஜ வனத்தில் எடுத்த கங்காரு ஓணான் படத்தைப் போட்டதிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. இருபது வருடமாக அட்டைக்கடியோடு இதன் பின்னால் அலைகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஐயா, எங்கள் றப்பர் தோட்ட ஓரத்தில் ஒன்று இரண்டு காலில் எழும்பி ஓடியது. இதுதானா? (இரத்தினபுரி)

இதேதான் தம்பி. சிங்களத்தில் பினும் கட்டுஸ்ஸா என்பார்கள். உடல் ஒரு விரல் நீளம், வால் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆறுதலாகப் போகும்போது நாலு காலும் தரையில்தான். துரத்தினால் நீண்ட பின்னங்கால்கள் உந்துகிற வேகத்தில் முன்னுடல் நிமிர்ந்துவிடும்; விழாமல் பார்த்துக்கொள்வது வாலின் பாரம். கொஞ்சத் தூரம் ஓடிச் சட்டென்று நிற்கும். நின்றதுமே சருகின் நிறத்தில் கரைந்துவிடும். கண்ணை எடுத்தீர்களோ, பிறகு தேடவே முடியாது.

காதே தெரியவில்லையே? வீட்டு வேலி ஓணானுக்கு வட்டமாகத் தெரிகிறது.

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். இதன் செவிப்பறையைத் தோலும் செதிலும் மூடியிருக்கும். விஞ்ஞானப் பேரிலேயே அது இருக்கிறது: ஒட்டோகிரிப்டிஸ் என்றால் கிரேக்கத்தில் மறைந்த காது.

வவுனியாக் காட்டிலும் கண்டேன். மழை அதிகமான தென்மேற்கு ஈரவலயத்துப் பிராணி என்கிறார்களே அண்ணா?

2005 வரை இலங்கை முழுவதும் ஒரே இனம் என்றுதான் நினைத்திருந்தார்கள். அந்த வருடம் வவுனியா போன்ற உலர்வலயத் தாழ்நிலத்தில் இருப்பதைப் பிரித்து ஒட்டோகிரிப்டிஸ் நைகிரிஸ்டிக்மா என்று பேர் வைத்தார்கள். 'கருப்பு அடையாளம்' என்று பொருள். ஆணின் தொண்டைப் பையில் உள்ள கறுப்புத் திட்டு அது. ஈரவலயத்தில் இருப்பது ஒட்டோகிரிப்டிஸ் வீக்மன்னி. இரண்டும் இலங்கைக்கு வெளியே எங்கும் இல்லை.

யாழ்ப்பாணத்து மணலில் இப்படி ஓடுவது?

அது சித்தானா, இதன் நெருங்கிய சொந்தம். பின்னங்கால் விரலை எண்ணுங்கள்: அதற்கு நாலு, கங்காரு ஓணானுக்கு ஐந்து. முன்பு புதுச்சேரியின் பேர் கொண்ட இனத்தோடு சேர்த்திருந்தார்கள். 2015இல்தான் வடக்கில் உள்ளதற்கு சித்தானா தேவகாய் என்ற பேர் கிடைத்தது. நிழலும் ஈரமும் தேடுவது கங்காரு ஓணான். சித்தானாவுக்கு வெட்டவெளி வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து கேட்கிறேன். எங்கள் மலையிலும் உண்டா சார்?

அகத்தியமலைப் பக்கத்துச் சோலைகளில் சருகோடு சருகாக ஒன்று உண்டு. அதையும் முன்பு ஒட்டோகிரிப்டிஸ் என்றுதான் வைத்திருந்தார்கள். 2014இல் அகஸ்தியகாமா என்று தனிப் பேரினமாக்கினார்கள். எனக்குப் பிடித்த பேர்.

அது முட்டையிடுவதைப் பார்த்திருக்கிறீர்களா மாமா?

ஒரே ஒரு தடவை, பிள்ளை. மழை விட்டிருந்த காலை, ஒற்றையடிப் பாதையின் ஓரம். முன்னங்கால்களால் மண்ணைப் பறித்துச் சிறு குழி செய்தது. வெள்ளை முட்டைகள் நாலு. மண்ணை இழுத்து மூடி, மூக்கால் குத்திக் குத்தி இறுக்கியது; அதில்தான் அதிக நேரம் போனது. கடைசியில் சருகை மேலே தள்ளிவிட்டுப் போய்விட்டது. நான் இடத்தைக் கண்ணால் பிடித்து வைத்திருந்தும், கிட்டப்போய்ப் பார்த்தபோது எந்தச் சருகின் கீழ் என்று சொல்ல முடியவில்லை. தாய் திரும்பி வருவதில்லை. குஞ்சு தானே மண்ணைக் கிளறி வெளியே வரவேண்டும்.

வால் அறுந்தால் வளருமா?

பல்லி, அரணை போல எதிர்பார்க்காதீர்கள். ஓணான் குடும்பத்தில் பெரும்பாலானவை வாலைத் தாமாகக் கழற்றிவிடுவதில்லை. பிடிக்கிற ஆசையில் வாலில் கை வைக்கவே வேண்டாம்.

கறுவாத் தோட்டத்துச் சருகைக் கூட்டி எரிப்பது இதைப் பாதிக்குமா?

கட்டாயம். இது தின்னும் எறும்பும் சிறு பூச்சிகளும் அந்தச் சருகில்தான். முட்டை அதன் கீழே, ஒளிவிடமும் அதுவே. வரப்போரமும் நீரோடைக் கரையும் நிழலோடு அப்படியே கிடக்கட்டும். வேலை செய்யும்போது மட்டும் கவனம்: கோப்பி விரியனும் அதே சருகில்தான் சுருண்டு கிடக்கும். வெறுங்கையால் அள்ள வேண்டாம்.

எப்போது போனால் பார்க்கலாம்?

இரவில் போங்கள், டோர்ச் லைட்டோடு. பகலெல்லாம் தரையில் திரிந்தது, இருட்டியதும் முழங்கால் உயரச் சிறு மரக்கன்றில் ஏறி, மெல்லிய தண்டைக் கட்டிப்பிடித்துத் தூங்கும். பாம்பு ஏறினால் தண்டு ஆடும், விழித்துக் குதித்துவிடலாம் என்பதுதான் என் ஊகம். ஆகவே செடியைத் தொடாதீர்கள். வெளிச்சத்தை நேரே கண்ணில் அடிக்காமல் பக்கத்து இலையில் பிடித்துப் பாருங்கள்.