48 லட்சம் என்றவர் 41.6 என்கிறார்

60 லட்ச ரூபாய் வீட்டுக்கு லோன் ஆபீசர் வாய்வார்த்தையாக 48 லட்சம் கடன் என்று சொல்லிவிட்டு, அட்வான்ஸ் கொடுத்தபின் 41.6 என்கிறாரே என்று கேட்டிருக்கிறீர்கள். ஏமாற்று இல்லைங்க. வங்கி கடனாகத் தரும் 80 சதவீதம் என்பது, வங்கி இன்ஜினியர் வீட்டுக்குப் போட்ட 52 லட்சம் மதிப்புக்குத்தான். ஃபைலை நகர்த்துவதுதான் லோன் ஆபீசர் வேலை. சாங்ஷன் லெட்டர் (வங்கியின் கடன் அனுமதிக் கடிதம்) வராமல் அவர் சொல்லும் தொகை வெறும் பேச்சு.

மதிப்பீட்டு ரிப்போர்ட்டில் சதுர அடியைப் பாருங்கள். பிளான் அப்ரூவலில் இல்லாத மாடி அறையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருப்பார்கள், பெரும்பாலும் அடிபடுவது அங்கேதான். அப்ரூவல் இருந்தும் விட்டிருந்தால், பிளான் நகலோடு மேனேஜரிடம் மறுமதிப்பீடு கேளுங்கள்.

60 லட்சத்துக்கே பத்திரம் என்றால், தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5.4 லட்சம் கைக்காசு. பற்றாக்குறைக்கு இப்போதே பர்சனல் லோன் எடுக்காதீர்கள்; அந்த இஎம்ஐ வீட்டுக்கடன் தகுதியையும் குறைக்கும். அக்ரிமென்ட் கெடுவை விற்பவர் கையெழுத்தோடு எழுத்தில் நீட்டிக்கொள்ளுங்கள்.