முதலில் மொழி

கேள்வி: அமெரிக்காவில் வரலாறு படிக்கும் என் மகள், இரண்டாம் ஆண்டிலிருந்து யூதவியலையும் முதன்மைப் பாடமாக எடுக்க விரும்புகிறாள். நாங்கள் யூதர்கள் அல்லர். இந்தப் படிப்பு அவளை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்?
- ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: யூதவியல் என்பது சமயப் பயிற்சி அன்று. 1819இல் பெர்லினில் லியோபோல்ட் சுன்ஸ் முதலிய இளைஞர்கள், யூதர்களின் நூல்களையும் வரலாற்றையும் ஆய்வு முறையில் கற்கவேண்டும் என்று கூடித் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்த துறை அது. 1930இல் சாலோ பாரோன் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையிலேயே யூத வரலாற்றுக்கான பேராசிரியராக அமர்ந்தார். ஆகவே, உங்கள் மகள் தன் துறையை விட்டு எங்கும் விலகிப் போகவில்லை.

யூதச் சமயச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தால்மூதின் ஒரு பக்கத்தை அவள் வகுப்பில் விரித்துப் பார்ப்பாள். நடுவில் எபிரேயத்தில் மிஷ்னா என்னும் பழைய சட்டத் தொகுப்பு, அதைத் தொடர்ந்து பெரும்பாலும் பண்டைய மேற்காசிய மொழியான அரமேயத்தில் அமைந்த விவாதம், ஒரு பக்கத்தில் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ராஷியின் உரை, மறுபக்கத்தில் அவ்வுரையையே மறுத்துக் கேட்கும் பிற்காலத்தாரின் குறிப்புகள். எந்த வரி எந்தக் காலத்துக் குரல் என்று பிரித்தறியும் இந்தப் பழக்கம், சட்டத்துக்குப் போனாலும் வரலாற்றுக்குப் போனாலும் கைகொடுக்கும்.

இன்னோர் எடுத்துக்காட்டு நம் கரைக்கும் உரியது. கடவுளின் பெயர் எழுதிய தாளை வீசியெறியக் கூடாது என்ற வழக்கத்தால், பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்து கிடந்த தாள்களில் பெரும்பகுதியை, சாலமோன் ஷெக்டர் 1897இல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். அங்கே இன்று ஏறத்தாழ 1,93,000 துண்டுகள் உள்ளன. 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்து வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜூவுக்கு ஏமனின் ஏடன் துறைமுகத்திலிருந்து வந்த கடிதங்களும் கெய்ரோவின் அந்தக் குவியலில்தான் கிடைத்தன. அவற்றின் மொழி அரபு, எழுத்தோ எபிரேயம். அரபு மட்டும் கற்றவருக்கு எழுத்து புரியாது, எபிரேயம் மட்டும் கற்றவருக்குச் சொல் புரியாது. இரண்டையும் இளங்கலையிலேயே கற்றவருக்கு இந்தியப் பெருங்கடல் வணிக வரலாற்றின் மூல ஆவணங்களே நேரடியாகத் திறக்கின்றன.

முனைவர் பட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கும் பேராசிரியர்கள், மாணவர் மூல நூலைத் தாமே படிக்கக் கூடியவரா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். மொழிக்கு ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், எபிரேய வகுப்பை அவள் நான்காம் ஆண்டுக்குத் தள்ளிவைக்காமல் இந்தப் பருவத்திலேயே சேரட்டும். இடைக்கால வணிகம் பிடித்தால் அடுத்து அரபு, கிழக்கு ஐரோப்பா பிடித்தால் அங்குள்ள யூதர்கள் பேசிவந்த இத்திஷ், தால்மூத் பிடித்தால் அரமேயம் என்று வழி தானாகவே பிரியும்.